லைசென்சு வாங்கிக் கஞ்சா பயிரிட்ட காலம்

எழுபது வயதைத் தாண்டிய நம் பக்கத்து ஆட்களுக்குப் புகையிலை எக்சைஸ் நன்றாக நினைவிருக்கும். 1943இல், யுத்தச் செலவுக்காக வெள்ளைக்காரன் போட்ட வரி அது. சுதந்திரம் வந்த பிறகும் போகவில்லை. இலைப் புகையிலை மேல் இருந்த வரியை 1979இல்தான் எடுத்தார்கள். அதுவரைக்கும் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் பக்கத்தில் புகையிலை வைத்தவன் எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறான், பதம் போட்டு எத்தனை சிப்பம் கட்டினான் என்று கணக்குக் காட்ட வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஒரு சிப்பம் ஊரை விட்டு நகரக் கூடாது. தோட்டத்தில் எக்சைஸ் இன்ஸ்பெக்டர் தலை தெரிந்தால் வேலை செய்கிற பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இதே ஏற்பாடு, இதைவிடக் கெடுபிடியாக, இன்னும் அறுபது எழுபது வருஷம் முன்னாலேயே இன்னொரு பயிருக்கு இருந்தது. அது கஞ்சா. சர்க்காரிடம் லைசென்சு வாங்கி, அளந்து காட்டிய நிலத்தில், சர்க்கார் ஆள் வந்து பார்க்கப் பார்க்கப் பயிரிட்டார்கள். வங்காளத்தில் ராஜ்ஷாஹி ஜில்லா நௌகாவ் வட்டாரம்தான் இதில் பெரிய இடம். இன்று அது பங்களாதேஷில் இருக்கிறது. நமது சென்னை மாகாணத்திலும், குண்டூர்ப் பக்கம் தக்குபாடு, வட ஆற்காட்டு ஜவ்வாது மலை என்று இரண்டு இடங்களில் லைசென்சு சாகுபடி நடந்தது.

கீரனூரில் உட்கார்ந்துகொண்டு வங்காளத்துக் கஞ்சாவைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்தவன் நான். வருஷா வருஷம் சர்வே நம்பர் சர்வே நம்பராக நடந்து, எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதியே காலம் போயிற்று. ஒரு பயிரைச் சர்க்கார் எப்படிப் பார்க்கிறது, அதைப் போட்டவனை எப்படிப் பார்க்கிறது என்பது எனக்குத் தொழில் வழியாக வந்த கேள்வி. இப்போது டீக்கடையில் கஞ்சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி இருக்கிறது. “வெள்ளைக்காரன் காலத்தில் கடை வைத்தே விற்றான், நாடு கெட்டா போச்சு?” என்று ஒரு கட்சி. “அவன்தான் நம்மைக் கெடுக்கவே விற்றான்” என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வயலில் நின்றவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் ஒரு விளக்கம். ஒரே செடிதான், பெயர்தான் மூன்று. இலையை அரைத்தால் பாங். காய்ந்த பெண் பூங்கொத்து கஞ்சா. பிசினை மட்டும் எடுத்தால் சரஸ். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நம் ஊரில் ஆண் பனை, பெண் பனை இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பனையில் ஆண் இருந்தால் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை, பதநீர் வரும். கஞ்சாவில் ஆண் செடி நின்றால் பெண் பூ விதை பிடித்துவிடும், சரக்கு விலை போகாது. நௌகாவ்காரர்களின் பாதி கவலை இதுதான். மறுபாதி மழை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1793லேயே வங்காளத்தில் போதைச் சரக்குகளுக்கு லைசென்சு முறை கொண்டுவந்துவிட்டது. அதன் பிறகு வரி ஏறிக்கொண்டே போனது. வரி வசூலிக்க வேண்டுமானால் சரக்கு எங்கே விளைகிறது என்று கண்ணில் படும்படி இருக்க வேண்டும் அல்லவா? அதனால் விளைச்சலை மெல்ல மெல்ல ஒரே வட்டாரத்துக்குள் அடக்கினார்கள். அதற்குக் ‘கஞ்சா மஹால்’ என்றே பெயர். அந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்து 1877இல் ஹேம் சந்தர் கெர் என்ற வங்காள அதிகாரி ஓர் அறிக்கை எழுதினார். 1893இல் டேவிட் பிரெய்ன் என்ற தாவரவியல் அறிஞர் இன்னொன்று எழுதினார். இந்தப் பிரெய்ன் பின்னாளில் லண்டன் கியூ தோட்டத்துக்கே இயக்குநராகப் போனவர். இந்தக் காலத்து ஆவணங்கள் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. கண் ஆபரேஷன் முடிந்த பிறகு எனக்கு இதுதான் பொழுதுபோக்கு.

அந்தப் பயிரின் மாதக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு நம் புகையிலைதான் ஞாபகம் வந்தது. ஆவணி வாக்கில் மேட்டு நிலத்தில் நாற்றங்கால். புரட்டாசியில், மழை ஓய்ந்து மண் பதமானதும் நடவு. கார்த்திகையில் செடிக்குச் செய்நேர்த்தி. தையில் முற்றும். மாசிக்குள் அறுத்து, காயவைத்து, சரக்காக்கி முடித்துவிட வேண்டும். என் அம்மா பிறந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம். மாமா தோட்டத்தில் புகையிலைக்கு நாற்றுவிட்டதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். நடவு மட்டும் இங்கே ஐப்பசிக்குத் தள்ளும்.

மாதம் ஒன்றானால் ஆபத்தும் ஒன்றுதான். புகையிலை வைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்றுப் பருவத்தில் பெருமழை அடித்தால் விதை கரைந்து ஓடைக்குப் போகும். நட்ட பத்து நாளில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இலை முற்றி, கையில் ஒட்டுகிற பிசின் பிடித்திருக்கும் நேரத்தில் மழை பெய்தால் அந்தப் பிசின் கழுவிக்கொண்டு போகும், இலைக்குக் காரம் இருக்காது, வியாபாரி தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். கஞ்சாவுக்கும் மதிப்பு பிசினில்தான். தண்ணீர் தேங்கினால் அதுவும் தாங்காது. அதனால்தான் நௌகாவில் மேடான, மணல் கலந்த, நிழல் விழாத நிலமாகத் தேடினார்கள். தாழ்வான வங்காளத்தில் மேட்டு நிலம் என்பது லேசில் கிடைக்கிற பொருள் அல்ல.

நடவுக்கும் கார்த்திகைக்கும் நடுவில் வங்காள விரிகுடாவில் புயல் காலம். ஹேம் சந்தர் கெர் தன் அறிக்கையை எழுதியதற்கு முந்தின வருஷம், 1876 அக்டோபர் கடைசியில், பாக்கர்கஞ்ச் புயல் அடித்தது. கடலோர டெல்டாவில் லட்சக் கணக்கில் ஜனம் செத்தது. நௌகாவ் கடலுக்கு வெகு தூரம் வடக்கே இருந்ததால் அந்த அலை அங்கே போகவில்லை. ஆனால் விவசாயி ஐப்பசி மாதத்தில் வானத்தை எப்படிப் பார்த்திருப்பான் என்று ஊகிக்கலாம். அதே வருஷம் இங்கே நமக்கு என்ன நடந்தது? தாது வருஷப் பஞ்சம். அங்கே தண்ணீர் கொன்றது, இங்கே தண்ணீர் இல்லாமல் செத்தார்கள். பாட்டிமார்கள் தாது வருஷக் கதை சொல்லக் கேட்ட கடைசித் தலைமுறை நாம்தான்.

கார்த்திகையில் நௌகாவ் வயல்களில் ஒரு விசேஷ ஆள் வருவார். போத்தார் என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகள் அவரைக் ‘கஞ்சா டாக்டர்’ என்று எழுதினார்கள். பூ விரிவதற்கு முன்பே எது ஆண், எது பெண் என்று செடியைப் பார்த்துச் சொல்கிற ஆள். சாமான்ய விவசாயிக்கு அது பிடிபடாது. வரிசை வரிசையாக நடந்து ஆண் செடிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே போவார். விட்டுப்போனது முளைத்து நிற்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, அந்த ஊர்க்காரர்கள் பெயரைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். நாம் ஆண் என்று சொல்கிற செடியை அவர்கள் பெண் என்பார்கள், பெண் செடியை ஆண் என்பார்கள். சரக்குத் தருவது எதுவோ அதுதான் ஆம்பிளை என்ற கணக்கு போலிருக்கிறது!

போத்தாருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அடுத்து, தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு. அறுவடையில் இன்னும் ஆள். அறுத்த கொத்துகளைப் பாயில் பரப்பி, வெயிலில் காயவைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்கினால் ‘சப்பைக் கஞ்சா’. உருட்டினால் ‘உருண்டைக் கஞ்சா’. நொறுங்கி விழுந்தது ‘சூர்’. இந்த மூன்று நாலு நாளில் மேகம் போட்டால் காயாது, காயாவிட்டால் பூஞ்சை. நம் புகையிலைப் பந்தலில் மாசி மழைக்குத் தார்ப்பாய் தேடி ஓடியவர்களுக்கு இது புரியும்.

இத்தனைக்கும் நடுவில் சர்க்கார் ஆட்கள். லைசென்சில் எழுதிய பரப்புக்கும் வயலில் இருக்கும் பரப்புக்கும் பொருத்தம் பார்த்தார்கள். விளைச்சல் எவ்வளவு வரும் என்று மதிப்புப் போட்டார்கள். சரக்கு ஆனதும் நிறுத்து எழுதினார்கள். வெளியூர் வியாபாரி வந்து வாங்கி, சேருக்கு இத்தனை என்று வரி கட்டி, சீல் வைத்த மூட்டையாகக் கொண்டுபோக வேண்டும். பழசாகி வீரியம் போன சரக்கைக் கணக்குப் பார்த்துக் கொளுத்துவதும் உண்டு. நான் செய்த அடங்கல் வேலையின் பெரியப்பா என்று இதைச் சொல்லலாம். ஒரு வித்தியாசம், நாங்கள் பயிர்ச் சேதமும் எழுதினோம்.

விவசாயியின் கைக்கு வந்த விலையைவிடச் சர்க்காருக்குப் போன வரி பல மடங்கு. அதற்கும் மேலே தரகர்கள். விளைவதற்கு முன்பே கடன் கொடுத்து, விளைந்ததும் அவர்கள் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மழையில் பயிர் போனால் கடன் போகாது. நல்ல வருஷமானால் எல்லார் வயலிலும் விளைந்து விலை சரியும், கெட்ட வருஷமானால் விலை ஏறும், ஆனால் விற்பதற்குச் சரக்கு இருக்காது. நம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக்கு நடக்கிற அதே கூத்து.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது லண்டனில் ஒரு கேள்வி எழுந்தது. 1893 மார்ச் மாதம், மதுவிலக்கில் தீவிரமான டபிள்யூ.எஸ். கெய்ன் என்ற எம்.பி. பார்லிமெண்டில் எழுந்து, வங்காளத்துக் கஞ்சா சாகுபடியையும் அதனால் ஜனங்களுக்கு ஏற்படும் கேட்டையும் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்று கேட்டார். இந்திய சர்க்கார் அதே ஜூலையில் கமிஷன் போட்டது. தலைவர் மாக்வொர்த் யங். மொத்தம் ஏழு பேர், அதில் இந்தியர் மூன்று பேர். வங்காளம் மட்டும் போதாது, நாடு முழுவதும் பார்க்கலாம் என்று விரித்து, ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளிடம் கேட்டார்கள். கலெக்டர், டாக்டர், போலீஸ்காரர், பாதிரியார், மிராசுதார், வைத்தியர், சாமியார் எல்லாரும் அதில் உண்டு.

அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பைத்தியக்கார ஆஸ்பத்திரி பற்றியது. கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு அதுவரை ஆதாரமாகக் காட்டியது ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத்தான். கமிஷன் அந்தப் பதிவேடு எப்படி நிரப்பப்படுகிறது என்று தோண்டியது. தெருவில் சுற்றித் திரிந்த ஒருவனைப் போலீஸ் பிடித்துக் கொண்டுவரும். உடன் வரும் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கலம். காலியாக விட்டால் மேலிருந்து கேள்வி வரும். ஆகவே ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவார்கள். ஆஸ்பத்திரி குமாஸ்தா அதைப் பார்த்து எழுதுவார். வருஷ முடிவில் அது புள்ளிவிவரமாகி மேலே போகும். 1892இல் சேர்ந்த 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சா காரணம் என்று பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்ததில் 98தான் நின்றது. முப்பது வருஷம் கலம் நிரப்பிய நான் இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். காலிக் கலம் என்பது எந்த ஆபீசுக்கும் ஆகாது.

98 என்பதும் சும்மா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இன்று கமிஷனை மேற்கோள் காட்டுகிற பையன்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். அளவோடு எடுப்பதால் பெரும் கேடில்லை, அளவு மீறினால் கேடு என்பதுதான் கமிஷனின் முடிவு. முழுத் தடை வேண்டாம், வரியைக் கூட்டு, சாகுபடியைச் சில இடங்களுக்குள் அடக்கு, கடைகளைக் குறை, ஒருவன் கையில் வைத்திருக்கிற அளவுக்கு வரம்பு போடு என்று 1894இல் சொன்னார்கள். ஏழு பேரில் இருவர் இதற்கு உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் லாலா நிஹால் சந்த். இன்னொருவர் தாஹிர்பூர் ராஜா சோஷி சிகரேஸ்வர் ராய். தாஹிர்பூர் எங்கே இருக்கிறது தெரியுமா? நௌகாவ் இருந்த அதே ராஜ்ஷாஹி ஜில்லாவில். கஞ்சா விளைந்த ஜில்லாவின் ஜமீன்தார்தான் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் நின்றார். இந்தத் தகவல் எனக்குப் பல நாள் மண்டையில் ஓடியது.

நம் சென்னை மாகாணத்தில் 1886 ஆப்காரிச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. கள்ளு, சாராயக் கடைபோலக் கஞ்சாக் கடையும் ஏலத்தில் போனது. ஆனால் இங்கே கொல்லையில் ஒன்றிரண்டு செடி வைத்துக்கொள்கிற வழக்கமும் இருந்தது. சித்த வைத்தியர்கள் மருந்துக்கு வைத்திருப்பார்கள். சாவடியில் தங்கும் பரதேசிகளுக்கு ஒருவர் வைத்திருப்பார். லைசென்சு முறை வந்ததும் கொல்லைச் செடி குற்றமாயிற்று. சாகுபடி தக்குபாட்டுக்கும் ஜவ்வாது மலைக்கும் ஒதுங்கியது. ஜவ்வாது மலைக்காரர்களுக்கு இதனால் ஆதாயமா நஷ்டமா என்று கேட்டால், மலையில் சாமையும் தினையும் போட்டவனுக்குக் காசு பார்க்க ஒரு பயிர் கிடைத்தது, அந்தப் பயிர் முழுக்கவும் இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நௌகாவ் விவசாயிகள் 1917இல் ஒரு காரியம் செய்தார்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். தரகர்களை ஒதுக்கிவிட்டு, சங்கமே சரக்கை வாங்கி, சங்கமே விற்றது. சில வருஷங்களிலேயே அது பெரும் பணக்காரச் சங்கமாகிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு உதவி, இலவச மருந்தகம், ரோடு, பாலம் என்று செய்தார்கள். நம் ஊர்ப் பால் சங்கத்துக்கும் நூற்பாலைச் சங்கத்துக்கும் நடந்த கதைகளைப் பார்த்துச் சலித்த எனக்கு, கஞ்சாச் சங்கம் பள்ளிக்கூடம் கட்டியது என்று படித்தபோது சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று. மழையில் போன பயிருக்கு விவசாயி தனியாக அழ வேண்டியதில்லை என்ற நிலைமை கொஞ்சமாவது வந்தது அந்தச் சங்கத்தால்தான். சர்க்காரால் அல்ல.

நம் பக்கம் புகையிலைக்கு அப்படி ஒரு சங்கம் இருந்திருந்தால் என்று 1977இல் நான் நினைத்ததுண்டு. அந்த நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் உள்ளே வந்து திருச்சியையும் திண்டுக்கல் பக்கத்தையும் புரட்டியது. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாற்று அணை உடைந்தது. மாமா தோட்டத்தில் நட்டு மூன்று வாரமான புகையிலை நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், பார் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் வண்டல் மூடிக் கிடந்தது. அது போனால் போகட்டும், பயிர்தானே. கொட்டகையில் போன மாசியில் பதம் போட்டு வைத்த சிப்பங்களும் நனைந்துவிட்டன. நாலாம் நாள் நாற்றம் எடுத்தது. ஆனால் தூக்கிக் கொட்ட முடியாது. கணக்கில் ஏறிய சரக்கு அது. அதிகாரி வந்து பார்த்து, அழிந்தது என்று எழுதி, அவர் கண் முன்னால் அழித்தால்தான் அதற்கான வரி தள்ளுபடியாகும். இல்லையென்றால் அழுகிய இலைக்கும் வரி. அதிகாரி நல்ல மனுஷன்தான், பாவம், அவருக்கும் எல்லா ஊரிலும் இதே வேலை, பாலமெல்லாம் போய்விட்டது. அவர் வந்து சேர்கிற வரைக்கும் மாமா அந்த நாற்றத்துக்குக் காவல் இருந்தார். வரி தள்ளுபடியானது. நாற்றுச் செலவு, உழவு, எரு, வட்டி எதையும் தள்ளுபடி செய்ய யாரும் இல்லை. “வரவு சர்க்காருக்கு, செலவு நமக்கு, மழை பொதுவுக்கு” என்று மாமா சொல்வார்.

இனிக் கஞ்சாவின் பிற்கதை. 1937இல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதைச் சரக்குகளையும் சேர்த்தே தடுத்தது. முதலில் சேலத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதுக்கும் வந்தது. 1961இல் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டு, கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த 25 வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிகிற நேரத்தில், 1985 நவம்பர் 14 முதல், போதைப் பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பங்களாதேஷில் நௌகாவ் சாகுபடியையும் அந்த எண்பதுகளில்தான் நிறுத்தினார்கள்.

1985 சட்டத்தில் செடி வளர்த்தால் பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். வணிக அளவு என்பது 20 கிலோ. அதற்கு மேல் பிடிபட்டால் குறைந்தபட்சமே பத்து வருஷம். வக்கீல்கள் இந்தப் பிரிவுகளைத்தான் பேசுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு 46, 47ஆம் பிரிவுகள். தன் நிலத்தில் கஞ்சாச் செடி இருப்பது தெரிந்தும் நிலத்துக்காரன் சொல்லாமல் இருந்தால் அவனுக்குத் தண்டனை. கிராம அலுவலர் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவருக்கும் தண்டனை. வெள்ளைக்காரன் காலத்து அலுவலர் கஞ்சா வயலுக்கு வரி கணக்குக்காகப் போனார், நாங்கள் பிடித்துக் கொடுப்பதற்காகப் போனோம். செடி ஒன்று, பாத்தி ஒன்று. கையிலிருக்கிற நோட்டுதான் வேறு.

தடை வந்ததும் பயிர் மலைக்கு ஏறியது. கம்பம், வருசநாட்டுப் பக்கமும் அந்தப் பக்கம் இடுக்கியிலும் காட்டுக்குள்ளே போட்டார்கள், போலீசும் வனத்துறையும் போய்ப் பிடுங்கிக் கொளுத்தின. பிறகு ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளுக்குப் போயிற்று. 2021இல் ஆந்திரப் போலீஸ் ‘பரிவர்த்தனா’ என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கான ஏக்கரை அழித்தது. அதே டிசம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் ‘கஞ்சா வேட்டை’ தொடங்கியது. இப்போது பஸ் ஸ்டாண்டில், ரயிலில் மூட்டை பிடிபட்ட செய்தி இல்லாத வாரம் இல்லை. பிடிபடுவது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயசுப் பையன்கள். கூலிக்குப் பை தூக்குகிறவர்கள். மதுரை தனிக்கோர்ட்டு வாசலில் நிற்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்த பிறகு டீக்கடை விவாதத்தில் எந்தக் கட்சிக்கும் கை தூக்க எனக்கு மனசு வரவில்லை.

மலையில் போடுகிறவன் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். முன்பணம் கொடுக்கிற வெளியூர்க்காரன் வேறு. மலை மழைக்கும் பனிக்கும் செடி போனால், நௌகாவ்காரனுக்கு இருந்த சங்கமும் இவனுக்கு இல்லை, மாமாவுக்குக் கிடைத்த தள்ளுபடியும் இல்லை. புகார் சொல்லப் போனால் அங்கேயே பிடித்து உட்கார வைப்பார்கள். நல்ல மழை பெய்து நன்றாக விளைந்தாலும் சிறை, மழை கெட்டாலும் கடன்.

இப்போது திரும்பவும் லைசென்சு பேச்சு வந்திருக்கிறது. உத்தராகண்ட் 2018லேயே நாருக்காகப் போதை இல்லாத ரகத்தைப் பயிரிட அனுமதி கொடுத்தது. போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது நார்ப் பயிர், கஞ்சா வேறு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் அடங்கல் எழுதியவனுக்கு வருகிற சந்தேகம் வேறு. வெயிலும் வறட்சியும் செடியின் சத்தை மாற்றக்கூடியவை. 0.3க்கு விதைத்த வயல் ஒரு கெட்ட வருஷத்தில் அதைத் தாண்டிவிட்டால், சோதனையில் தோற்ற மொத்தப் பயிரையும் அழிக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் அப்படி அழித்திருக்கிறார்கள். அந்த நஷ்டத்தை எந்தக் கலத்தில் எழுதுவது என்று சட்டம் எழுதுகிறவர்களை யாராவது முன்கூட்டியே கேட்டுவைத்தால் தேவலை.

மாமா வீட்டுப் பரணில் அந்த 1977 தள்ளுபடிக் காகிதம் வெகுநாள் இருந்தது. கரையான் அரித்துவிட்டது. வேடசந்தூர், எரியோடு, குஜிலியம்பாறைப் பக்கத்து அன்பர்கள் யார் வீட்டிலாவது பழைய புகையிலை எக்சைஸ் லைசென்சோ பெர்மிட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.